விண்டோஸ் ஆக்டிவேஷன் வேறு, லைசென்ஸ் வேறு

கேள்வியின் சுருக்கம் இது. ஜிஎஸ்டி ரிட்டர்ன், வருமான வரிக் கணக்கு எல்லாம் தாக்கல் செய்து தரும் சிறிய அலுவலகம். ஆறு ரீஃபர்பிஷ்டு லேப்டாப்கள் வாங்கியிருக்கிறீர்கள். ஒரு பெரிய ஐ.டி. நிறுவனம் பயன்படுத்திக் கழித்தவை. "ஒரிஜினல் விண்டோஸ் 11 ப்ரோ, லைஃப்டைம் ஆக்டிவேஷன்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து நான்கு லேப்டாப்களில் திரையின் மூலையில் "ஆக்டிவேட் விண்டோஸ்" என்ற எழுத்து வந்துவிட்டது. கடைக்காரர் ஒரு பென் டிரைவோடு வந்து, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு எதையோ ஓடவிட்டார், எழுத்து போய்விட்டது. ஐந்தாவது லேப்டாப்பில் மதர்போர்டு மாற்றியபின் ஆக்டிவேஷன் போய்விட்டது. ஆறாவது நன்றாக இருக்கிறது. இவை ஒரிஜினல்தானா, சட்டச் சிக்கல் வருமா, ஆன்லைனில் 500 ரூபாய்க்குக் கிடைக்கும் கீ வாங்கலாமா, இல்லை ஆறுக்கும் புதிதாகவே வாங்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

ஆறுக்கும் வாங்க வேண்டியிருக்காது என்பதுதான் என் கணிப்பு. நான்கு அல்லது ஐந்து லேப்டாப்களில் உங்களுக்கு உரிய லைசென்ஸ் ஏற்கெனவே இயந்திரத்துக்குள்ளேயே இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் இப்போது, எழுத்து வந்த அந்த நான்கில் ஓடிக்கொண்டிருப்பது அந்த லைசென்ஸ் அல்ல. அதை அப்படியே விடக்கூடாது, அதுவும் உங்கள் தொழிலில் விடவே கூடாது.

லைசென்ஸ் என்பது அந்த மென்பொருளைப் பயன்படுத்த உங்களுக்குக் கிடைத்த உரிமை. அது ஒப்பந்தத்திலும் பில்லிலும் இருக்கிறது. கீ என்பது 25 எழுத்துகள் கொண்ட ஒரு குறியீடு, அவ்வளவுதான். ஆக்டிவேஷன் என்பது அந்தக் கீ இந்த இயந்திரத்தில் பயன்படுத்தப்படுகிறது என்று மைக்ரோசாஃப்ட்டின் சர்வரோ வேறொரு சர்வரோ குறித்துக்கொள்ளும் தொழில்நுட்பச் சோதனை. மூன்றும் வழக்கமாகச் சேர்ந்தே வருவதால் நாம் ஒன்றாகவே நினைத்துவிடுகிறோம். கடைக்காரர் உங்களுக்கு விற்றது மூன்றாவதை மட்டும். அதுவும் தவணைக் காலம் வைத்த மூன்றாவது.

ஏன் தவணை என்கிறேன் என்றால், நீங்கள் சொன்ன ஆறு மாதம் என்ற கணக்கு. விண்டோஸில் 180 நாள் மட்டுமே செல்லுபடியாகும் ஆக்டிவேஷன் முறை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கேஎம்எஸ். பெரிய நிறுவனங்களுக்காக உண்டாக்கியது. ஆயிரக்கணக்கான கணினிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மைக்ரோசாஃப்ட்டைத் தொடர்புகொள்ள வேண்டாம் என்பதற்காக, நிறுவனம் தன் வளாகத்துக்குள்ளேயே ஒரு கேஎம்எஸ் சர்வர் வைத்துக்கொள்ளும். குறைந்தது 25 கணினிகளாவது கேட்டு வந்தால்தான் அந்த சர்வர் விண்டோஸ் கணினிகளை ஆக்டிவேட் செய்யத் தொடங்கும். ஆக்டிவேட் ஆன கணினி ஏழு நாளுக்கு ஒருமுறை சர்வரைத் தேடிப்போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் 180 நாள் மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும். ஊழியர் வேலையை விட்டுப் போய் லேப்டாப்பைத் திருப்பித் தரவில்லை என்றால் சர்வரைச் சேர முடியாது, ஆறு மாதத்தில் ஆக்டிவேஷன் தானாகக் காலாவதியாகிவிடும். நிறுவனத்தின் பார்வையில் நல்ல ஏற்பாடு.

இந்த ஏற்பாடு ஏன் வந்தது என்பதற்கு ஒரு பின்கதை இருக்கிறது, உங்கள் லேப்டாப்களுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. விண்டோஸ் 95 காலத்தில் சோதனை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சிடி கீயின் பின்பகுதியில் வரும் ஏழு இலக்கங்களைக் கூட்டினால் ஏழால் வகுபட வேண்டும். ஏழும் 1 ஆக இருந்தாலே போதும், ஏற்றுக்கொண்டுவிடும். யாரிடமும் கேட்டுச் சரிபார்க்காது. 2001 அக்டோபரில் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோதுதான் வீட்டுப் பயனாளர்களுக்கும் ஆக்டிவேஷன் கட்டாயமானது. 30 நாளுக்குள் இணையம் வழியாகவோ தொலைபேசியிலோ ஆக்டிவேட் செய்தாக வேண்டும். கணினியின் பத்து உறுப்புகளின் அடையாளங்களைச் சேர்த்து ஒரு சுருக்கக் குறியீடு உண்டாக்கி வைத்துக்கொள்ளும். நெட்வொர்க் கார்டு அதேதான் என்றால் மற்றவற்றில் ஐந்து வரை மாற்றினாலும் பொறுத்துக்கொள்ளும், அதுவும் மாறிவிட்டால் சலுகை குறையும்.

ஆனால் பெரிய நிறுவனங்களுக்கு விற்ற எக்ஸ்பிக்கு மட்டும் ஆக்டிவேஷனே வைக்கவில்லை. ஒரே கீயை எத்தனை கணினியிலும் போடலாம். அப்படி ஒரு கீ, எக்ஸ்பி கடைக்கு வருவதற்கு முன்பே வெளியே கசிந்து உலகம் முழுக்கப் பரவியது. சர்வீஸ் பேக் 1 என்ற பெரிய அப்டேட் வந்தபோது அதைத் தடை செய்தார்கள், அதற்குள் வேண்டிய மட்டும் பரவிவிட்டது. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான், எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து நிறுவனப் பதிப்புக்கும் ஆக்டிவேஷன் கட்டாயம் என்றார்கள். அதற்கு இரண்டு வழி வைத்தார்கள். ஒன்று மேலே சொன்ன கேஎம்எஸ். இன்னொன்று மேக் கீ: குறிப்பிட்ட எண்ணிக்கை வரை மைக்ரோசாஃப்ட்டிடம் நேரடியாக, ஒரே தடவையில், காலாவதி இல்லாமல் ஆக்டிவேட் செய்துகொள்வது. கசிவைத் தடுக்க வந்த கேஎம்எஸ்தான் பிறகு திருட்டு ஆக்டிவேஷனுக்கும் பிடித்த வழியானது. காரணம் எளிது. எந்த சர்வர் என்று விண்டோஸுக்குச் சொல்லும் இடம் நம் கையிலேயே இருக்கிறது. போலி சர்வர் ஒன்றை அதே கணினிக்குள் ஓடவிட்டோ, இணையத்தில் யாரோ திறந்து வைத்திருக்கும் சர்வரைக் காட்டியோ ஏமாற்றிவிடலாம். அந்த வெளிச் சர்வர் ஒருநாள் மூடப்பட்டால், அல்லது கணினிக்குள் இருந்த கருவியை ஆன்டிவைரஸ் நீக்கிவிட்டால், புதுப்பிப்பு நின்றுபோகும். 180 நாள் கழித்து மூலையில் எழுத்து வரும். உங்களுக்கு நடந்தது இதுதான் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து எஸ்.எல்.எம்.ஜி.ஆர் என்ற ஐந்து எழுத்தை ஆங்கிலத்தில் சேர்த்து அடித்து, ஒரு இடைவெளி, ஒரு சாய்வுக்கோடு, அப்புறம் டி.எல்.ஐ என்று அடித்து என்டர் தட்டுங்கள். சில விநாடியில் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் "சேனல்" என்ற சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஓஇஎம் டிஎம் என்றிருந்தால் லேப்டாப் தயாரிப்பாளர் இயந்திரத்தோடு கொடுத்த லைசென்ஸ். ரீடெயில் என்றால் கடையில் தனியாக விற்கும் வகை; பழைய லைசென்ஸிலிருந்து மேம்படுத்தி டிஜிட்டல் லைசென்ஸாக ஆக்டிவேட் ஆனவையும் பெரும்பாலும் இப்படியே காட்டும். வால்யூம் என்று தொடங்கி கேஎம்எஸ் கிளையன்ட் என்றோ மேக் என்றோ இருந்தால், அது நிறுவன வகை. டி.எல்.ஐ இருந்த இடத்தில் எக்ஸ்.பி.ஆர் என்று அடித்தால், ஆக்டிவேஷன் நிரந்தரமா, இல்லை எந்தத் தேதியில் முடிகிறது என்று காட்டும். உங்கள் அலுவலகத்துக்கு மைக்ரோசாஃப்ட்டோடு வால்யூம், அதாவது மொத்த லைசென்ஸ் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. ஆகவே வால்யூம் என்று எந்த லேப்டாப் சொன்னாலும், அது ஆக்டிவேட் ஆகியிருக்கிறது, ஆனால் உங்களிடம் அதற்கு உரிமை இல்லை. ஆறாவதையும் விடாமல் சோதியுங்கள். மேக் கீ போட்டிருந்தால் அதுவும் நன்றாக இருப்பது போலவே தெரியும்.

இனி நான் முதலில் சொன்ன வாய்ப்புக்கு வருகிறேன். பெரிய நிறுவனங்கள் வாங்கும் விண்டோஸ் வால்யூம் லைசென்ஸ் தனியாக நிற்கும் லைசென்ஸ் அல்ல. அது மேம்படுத்தல் உரிமை மட்டும். அதாவது கணினியில் ஏற்கெனவே ப்ரோ போன்ற ஒரு முழு லைசென்ஸ் இருந்தால்தான் அதன்மேல் என்டர்பிரைஸ் என்ற நிறுவனப் பதிப்பைப் போட முடியும். ஹோம் பதிப்பு இதற்குத் தகுதி பெறாது. ஆகவே ஐ.டி. நிறுவனங்கள் லேப்டாப்களை மொத்தமாக வாங்கும்போது பெரும்பாலும் விண்டோஸ் ப்ரோ உள்ளடங்கிய மாடலாகவே வாங்குகின்றன. அந்த ப்ரோ லைசென்ஸ் ஓஇஎம் வகை: அது வாங்கியவரோடு போகாது, இயந்திரத்தோடு ஒட்டியது. நிறுவனம் லேப்டாப்பைக் கழித்து விற்கும்போது மேலே போட்டிருந்த என்டர்பிரைஸ் உரிமை நிறுவனத்திடமே தங்கிவிடும். அடியில் இருக்கும் ப்ரோ லேப்டாப்போடு உங்களிடம் வந்துவிடும்.

2012 இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து தயாரிப்பாளர்கள் இந்தக் கீயை ஸ்டிக்கரில் அச்சடிப்பதை விட்டுவிட்டு, மதர்போர்டின் ஃபர்ம்வேரில், அதாவது போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை நிரலில், எம்எஸ்டிஎம் என்ற ஓர் அட்டவணைக்குள் எழுதி வைக்கிறார்கள். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனிக் கீ. ஹார்ட் டிஸ்க்கை எடுத்தாலும், எத்தனை முறை ஃபார்மேட் செய்தாலும் அது அழியாது. பிறகு ஏன் கடைக்காரர் கேஎம்எஸ் போட்டார் என்று கேட்பீர்கள். இந்த வியாபாரத்தில் ஒரு லேப்டாப்பை மட்டும் தயார் செய்து, அந்த டிஸ்க்கை அப்படியே இமேஜ் எடுத்து மற்ற நூற்றிலும் குளோன் செய்துவிடுவார்கள். அந்த இமேஜில் கேஎம்எஸ் கருவி ஏற்கெனவே இருக்கும். ஒவ்வொரு லேப்டாப்பிலும் அதன் சொந்தக் கீ இருக்கிறதா என்று பார்க்க யாருக்கும் நேரம் இல்லை. உள்ளே முறையான லைசென்ஸ் தூங்க, மேலே திருட்டு ஆக்டிவேஷன் ஓடும் லேப்டாப்கள் நம் ஊர்ச் சந்தையில் ஏராளம். எனக்கு இதில்தான் ஆதங்கம் அதிகம்: காசு கொடுத்து வாங்கியவர் தன்னிடம் இருக்கும் உரிமையைத் தெரியாமலே சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்படுகிறார்.

ஃபர்ம்வேரில் கீ இருக்கிறதா என்று பார்க்க, பவர்ஷெல்லில் சாஃப்ட்வேர் லைசென்சிங் சர்வீஸ் என்ற பகுதியில் ஓஏ3எக்ஸ் ஒரிஜினல் ப்ராடக்ட் கீ என்ற மதிப்பைக் கேட்க வேண்டும். கம்ப்யூட்டர் தெரிந்த பையன் யாராவது ஒரு நிமிடத்தில் செய்துவிடுவான். 25 எழுத்து வந்தால் கீ இருக்கிறது. காலியாக வந்தால் இல்லை. விண்டோஸ் இல்லாமல் டாஸ் அல்லது உபுண்டுவோடு விற்ற மாடலாக இருக்கலாம்.

கீ இருக்கும் லேப்டாப்களில் செய்ய வேண்டியது: மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலிருந்தே இலவசமாகக் கிடைக்கும் கருவியால் ஒரு பென் டிரைவில் விண்டோஸ் இன்ஸ்டாலரை உண்டாக்கி, டிஸ்க்கின் எல்லாப் பகுதிகளையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவது. இன்ஸ்டாலர் கோப்புக்குப் பணம் கிடையாது, பணம் உரிமைக்குத்தான். நிறுவும்போது அது ஃபர்ம்வேரைப் படித்து, கீ கேட்காமலே உரிய பதிப்பைப் போட்டுவிடும். இணையத்தோடு சேர்ந்ததும் ஆக்டிவேட் ஆகிவிடும். விண்டோஸ் 10 ப்ரோவுக்கான கீ விண்டோஸ் 11 ப்ரோவையும் ஆக்டிவேட் செய்யும். ஃபர்ம்வேரில் இருப்பது ஹோம் கீ என்றால் ஹோம்தான் வரும். உங்கள் வேலைக்கு அதுவே போதும். ஹோம் பதிப்பை அலுவலகத்தில் பயன்படுத்தக்கூடாது என்று விண்டோஸ் ஒப்பந்தத்தில் இல்லை. டொமைன் எனும் நிறுவன நெட்வொர்க்கில் சேர முடியாது, வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் அந்தக் கணினிக்குள் வர முடியாது, அந்த மாதிரி வசதிகள்தான் குறையும். கீ விண்டோஸ் 8 காலத்தது என்றால் மட்டும் கொஞ்சம் சிக்கல். 7, 8 கீகளை வைத்து 10, 11 ஐ ஆக்டிவேட் செய்ய விட்டிருந்த வழியை 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். ஆனால் அந்த லேப்டாப் அதற்கு முன்பே ஒருமுறை முறையாக 10 க்கு மேம்படுத்தப்பட்டிருந்தால், அதன் வன்பொருள் அடையாளத்தோடு டிஜிட்டல் லைசென்ஸ் மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில் பதிவாகியிருக்கும். அதே பதிப்பை நிறுவினால் தானே அடையாளம் கண்டுகொள்ளும்.

ஃபார்மேட் செய்வதற்கு முன், கணக்கு மென்பொருளான டேலியின் டேட்டாவை வேறு டிஸ்க்கில் எடுத்து, இன்னொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் கை வையுங்கள். டேலி லைசென்ஸை அந்தக் கணினியிலிருந்து முதலில் சரண்டர் செய்ய வேண்டும். டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவரையும் எடுத்து வையுங்கள்.

ஃபார்மேட் செய்யாமல் கீயை மட்டும் மாற்றிவிட்டால் போதாதா என்றால், ஆக்டிவேஷனுக்குப் போதும், பாதுகாப்புக்குப் போதாது. ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓடவிட்டார் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரிதான் என்னை நீளமாக எழுத வைத்தது. இந்த மாதிரிக் கருவிகள் அட்மின் அதிகாரத்தோடு ஓடுகின்றன. ஓடியபின் விண்டோஸ் டிஃபெண்டரின் விலக்குப் பட்டியலில் தங்களைச் சேர்த்துக்கொண்டு போகின்றன. பிறகு டிஃபெண்டரைத் திரும்ப இயக்கினாலும் அந்த ஃபோல்டரை அது பார்க்காது. கேஎம்எஸ்பிகோ என்ற பிரபலமான கருவியின் பெயரில் வரும் இன்ஸ்டாலர்களில் கிரிப்ட்பாட் என்ற தகவல் திருடும் நிரலை வைத்து அனுப்புவதை 2021 டிசம்பரில் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் விவரித்தது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், குக்கிகள், கிரிப்டோ வாலட்டுகள்தான் அதன் இலக்கு. உங்கள் பிரவுசர்களில் எத்தனை வாடிக்கையாளர்களின் ஜிஎஸ்டி தள பாஸ்வேர்டும் வருமான வரித் தள பாஸ்வேர்டும் சேமித்து இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடைக்காரர் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று சொல்லவில்லை; அவர் பென் டிரைவில் இருந்த பிரதி எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது. புதிதாக நிறுவிய பிறகு, சுத்தமான கணினியிலிருந்து எல்லா பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள். பழைய கணினியிலிருந்து அவற்றை மாற்றினால் பயனில்லை.

ஐந்தாவது லேப்டாப்புக்கு வருவோம். எக்ஸ்பியின் பத்து உறுப்புக் கணக்கு இப்போது இல்லை என்றாலும், நடைமுறையில் மதர்போர்டுதான் கணினியின் அடையாளம். ரேம், எஸ்எஸ்டி மாற்றினால் ஒன்றும் ஆகாது. மதர்போர்டு மாறினால் வேறு கணினி என்றே விண்டோஸ் நினைக்கும். லைசென்ஸ் விதி இதில் கொஞ்சம் இளக்கமானது. பழுதான மதர்போர்டுக்குப் பதிலாக அதே மாதிரி மாடலைப் போட்டால் ஓஇஎம் லைசென்ஸ் தொடரும். நீங்களாக விரும்பி மேம்பட்ட மதர்போர்டுக்கு மாறினால் அது புதுக் கணினி, பழைய லைசென்ஸ் அதற்கு வராது. உங்களுடையது பழுது, ஆகவே விதி உங்கள் பக்கம். நடைமுறையில் மூன்று வழி இருக்கிறது. தயாரிப்பாளரின் சர்வீஸ் சென்டரில் மாற்றியிருந்தால், புதிய போர்டில் கீயை எழுதித் தரச் சொல்லிக் கேட்கலாம். லைசென்ஸை முன்பே ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால், ஆக்டிவேஷன் பக்கத்தில் இருக்கும் ட்ரபிள்ஷூட்டரை ஓடவிட்டு, "சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன்" என்ற தேர்வைச் சொடுக்கி மீட்கலாம். விண்டோஸ் 10 இன் 2016 ஆகஸ்ட் அப்டேட்டிலிருந்து இந்த வசதி இருக்கிறது. இரண்டும் இல்லை என்றால் மாற்றிய பில்லை வைத்துக்கொண்டு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டிடம் பேச வேண்டியதுதான். உள்ளூர் மெக்கானிக் வேறொரு உடைந்த லேப்டாப்பிலிருந்து போர்டை எடுத்துப் போட்டிருந்தால், அந்தப் போர்டிலேயே அதன் பழைய கீ இருக்கக்கூடும். அதையும் பவர்ஷெல்லில் பாருங்கள்.

இந்த லேப்டாப்பில் ஆக்டிவேஷன் போய்விட்டதால் உரிமையும் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். மேலே சொன்ன வேறுபாடு இரு பக்கமும் செல்லும். 2018 நவம்பரில் மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவேஷன் சர்வரில் கோளாறு ஏற்பட்டு, காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் 10 ப்ரோ கணினிகள் "உங்களிடம் இருப்பது ஹோம் லைசென்ஸ்" என்று சொல்லி ஆக்டிவேஷனை இழந்தன. பிறகு அவர்களே சரிசெய்தார்கள். 2007 ஆகஸ்டிலும் அதே மாதிரி, நேர்மையாக வாங்கிய எக்ஸ்பி, விஸ்டா கணினிகளைப் போலி என்று சர்வர் அறிவித்தது. அந்த நாட்களில் அவர்களின் லைசென்ஸ் எங்கும் போய்விடவில்லை. பில் கையில் இருந்தவர் நிம்மதியாக இருந்திருப்பார்.

500 ரூபாய்க் கீ. வேண்டாம் என்பதுதான் என் பதில். அவை வரும் வழிகளைச் சொன்னால் காரணம் புரியும். ஒரு நிறுவனத்தின் மேக் கீயை எடுத்து நூறு பேருக்குப் பங்கு போட்டு விற்பது ஒன்று. சோதனைக்காக மட்டும் டெவலப்பர்களுக்குக் கொடுக்கும் சந்தாக் கீகளை விற்பது இன்னொன்று. குப்பைக்குப் போன கணினிகளின் ஸ்டிக்கர் கீகளும் உண்டு. விற்பவர்கள் ஐரோப்பிய நீதிமன்றமே மறுவிற்பனைக்கு அனுமதி கொடுத்துவிட்டது என்பார்கள். அதில் பாதி உண்மை. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2000 இலும், ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012 ஜூலையில், பழைய லைசென்ஸ்களை மறுவிற்பனை செய்த யூஸ்டுசாஃப்ட்டுக்கும் ஆரக்கிளுக்கும் இடையிலான வழக்கிலும், ஒருமுறை நிரந்தரமாக விற்ற பிரதியை வாங்கியவர் மறுபடி விற்பதைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பளித்தன. ஆனால் அதே 2012 தீர்ப்பு, விற்பவர் தன் பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி ஆக்கிவிட வேண்டும் என்றும், மொத்தமாக வாங்கிய லைசென்ஸைப் பிரித்து மிச்சத்தை மட்டும் விற்க உரிமை இல்லை என்றும் சொன்னது. 500 ரூபாய்க் கீயில் அதற்கான ஆதாரம் எதுவும் வராது, ஒரு மின்னஞ்சலில் 25 எழுத்து மட்டும் வரும். அதோடு அந்தத் தீர்ப்புகள் ஐரோப்பாவுக்கு உரியவை. உங்கள் அலுவலகம் இந்தியச் சட்டத்தின் கீழ் இருக்கிறது.

இந்தியச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1957 ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, உரிமை மீறிய மென்பொருள் பிரதியைத் தெரிந்தே கணினியில் பயன்படுத்துபவருக்கு ஏழு நாளுக்குக் குறையாமல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. லாபத்துக்காகவோ தொழிலுக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால் சிறை இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மேற்படாத அபராதத்தோடு நீதிமன்றம் விடலாம். ஆனால் உங்களுடையது தொழில். "தெரிந்தே" என்ற சொல் முக்கியம். இதுவரை விற்றவரின் வார்த்தையை நம்பியிருந்தீர்கள். டி.எல்.ஐ பெட்டியைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது. போலீஸ் நாளை வந்து நிற்கும் என்று மிரட்டவில்லை. ஆனால் மென்பொருள் நிறுவனங்களிடமிருந்து லைசென்ஸ் விவரம் கேட்டு அலுவலகங்களுக்குக் கடிதம் வருவது உண்டு, அப்போது காட்ட வேண்டியது பில்தான், திரையில் இருக்கும் பச்சை டிக் அல்ல.

விற்றவரிடம் திரும்பிப் போய் இதைக் கேளுங்கள்: ஜிஎஸ்டி பில்லில் ஒவ்வொரு லேப்டாப்பின் சீரியல் எண், விண்டோஸின் பதிப்பு, அது ஃபர்ம்வேரில் உள்ள ஓஇஎம் லைசென்ஸா, இல்லை ரீஃபர்பிஷ்டு கணினிகளுக்கென்றே மைக்ரோசாஃப்ட் தனியாகத் தரும் லைசென்ஸா என்று எழுதித் தர வேண்டும். அந்த இரண்டாவது வகைக்கு லேப்டாப்பின் அடியில் புது ஸ்டிக்கர் ஒட்டியிருக்க வேண்டும். "லைஃப்டைம் ஆக்டிவேஷன்" என்று பில்லில் எழுதியிருந்தால் அது எந்த லைசென்ஸையும் குறிக்காது.

ஆறில் இரண்டு ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ5 என்று எழுதியிருந்தீர்கள். அவற்றில் விண்டோஸ் 11 ஓடுகிறது என்றால் வன்பொருள் சோதனையைத் தாண்டி நிறுவியிருக்கிறார்கள். விண்டோஸ் 11 க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் செயலிகளின் பட்டியல், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 10 க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நிறுவனங்களுக்கான பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு முதல் ஆண்டுக்கு ஒரு கணினிக்கு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டுகளில் இரட்டிப்பாகும். இந்தப் பழைய லேப்டாப்களுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. அந்த இரண்டில் லினக்ஸ் போட்டுவிடுங்கள் என்பேன். போர்ட்டல் வேலை, மின்னஞ்சல், லிப்ரே ஆபீஸில் கடிதம், தமிழ்99 தட்டச்சு எல்லாம் தடையில்லாமல் நடக்கும். உபுண்டு, மின்ட் போடலாம். சென்னையில் உள்ள சி-டாக் என்ற மத்திய அரசு கணினி ஆய்வு மையம் 2007 முதல் வெளியிட்டுவரும் பாஸ் லினக்ஸும் இருக்கிறது. கீ கிடையாது, ஆக்டிவேஷன் கிடையாது. லைசென்ஸ் மட்டும் உண்டு, ஜிபிஎல் போன்ற கட்டற்ற மென்பொருள் லைசென்ஸ்கள். அது எத்தனை கணினியிலும் போடலாம், மற்றவர்களுக்கும் கொடுக்கலாம் என்று உங்களுக்கு உரிமை தருகிறது. இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு: ஆப்பிளின் மேக் ஓஎஸ்ஸுக்கும் கீ கிடையாது, ஆனால் ஆப்பிள் அல்லாத கணினியில் அதைப் போட ஒப்பந்தம் அனுமதிப்பதில்லை. அப்படிப் போட்டு விற்ற சைஸ்டார் என்ற அமெரிக்க நிறுவனம் 2009 இல் வழக்கில் தோற்றது. டேலியும் கையொப்ப டோக்கனும் பயன்படுத்தும் கணினிகளை மட்டும் விண்டோஸில் வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் டேலி நேரடியாக ஓடாது, டோக்கன் டிரைவர்களும் எல்லாம் கிடைப்பதில்லை.

கடைசியில் ஏதாவது ஒன்றுக்குக் கீயே இல்லை என்று தெரிந்து விண்டோஸ் வாங்க வேண்டி வந்தால், ரீடெயில் வகையாக வாங்குங்கள். விலை ஓஇஎம் வகையைவிடக் கூடுதல்தான். ஆனால் அந்த லேப்டாப் செத்துப்போனால் அதிலிருந்து நீக்கிவிட்டு அடுத்ததில் போட்டுக்கொள்ள ஒப்பந்தமே அனுமதிக்கிறது; ஓஇஎம் வகை இயந்திரத்தோடேயே முடிந்துவிடும். ரீஃபர்பிஷ்டு லேப்டாப்பின் ஆயுளை நினைத்தால் இந்த வித்தியாசம் பெரியது. எல்லாவற்றையும் நிறுவி முடித்ததும் ஒவ்வொரு லேப்டாப்பையும் அலுவலகத்தின் பெயரில் உள்ள ஒரு மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். அதில் வேலை செய்பவரின் சொந்தக் கணக்கு வேண்டாம். அவர் வேலையை விட்டுப் போனால் அடுத்த மதர்போர்டு மாற்றத்தின்போது லைசென்ஸை மீட்க அவரைத் தேடிப்போக வேண்டியிருக்கும்.